கிரான்டேபில் இல்லாதவள்

கோப்பைத் திறக்குமுன் வாசல் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். திருட வந்தவளைப்போல.

இத்தனைக்கும் திறக்கச் சொன்னதே கணவன்தான். ஆபீசுக்குப் போனதும் போன் செய்தான். வீட்டு சிஸ்டத்தில் நேற்று பேக்கப் ஓடவில்லை, கிரான்டேபைக் கொஞ்சம் பார் என்றான். அவளுக்கும் அவனைப்போலக் கம்ப்யூட்டர் தொழில்தான். ஹால் மூலையில் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும் அந்த லினக்ஸ் பெட்டி எதை எப்போது செய்ய வேண்டும் என்பதெல்லாம் கிரான்டேப் என்கிற அந்த ஒரே கோப்பில் இருக்கும்.

அவள் தேடியது பேக்கப்பை அல்ல.

ரெஜினாவை.

கல்யாணத்துக்கு முன் அவன் காதலித்தவள். அவனே சொன்னதுதான். இப்போது வெறும் சிநேகிதியாம். ஆனால் ரெஜினாவின் பிறந்தநாளுக்கு முதல் போன் இவனுடையது. ரெஜினாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், மகனுக்குப் பரீட்சை, எதையும் தவறவிட மாட்டான்.

இவ்வளவையும் ஒரு மனிதன் மனதிலா வைத்திருப்பான்? எல்லாம் இந்தப் பெட்டி செய்கிற வேலை என்று தன்னைத் தேற்றி வைத்திருந்தாள்.

வரி வரியாக இறங்கினாள்.

வெள்ளி மாலை, மல்லிகைப்பூ வாங்கு. அவன் போனுக்குப் போகும் செய்தி.

தன்னுடைய பிறந்தநாள். கல்யாண நாள். மாதம் ஒருமுறை, மாமனாரை விசாரி.

மதியம், சாப்பிட்டாயா என்று கேள். நாள், மாதம், கிழமை மூன்றிலும் நட்சத்திரக்குறி. அதாவது எல்லா நாளும்.

எல்லாம் அவள். அவள் மட்டும்தான்.

ரெஜினா எங்கேயும் இல்லை. மறுபடி தேடினாள். இல்லவே இல்லை.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. டீ போட எழுந்தாள்.

அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள்.

ரெஜினாவை நினைக்க அவனுக்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை.

இத்தனை நாள் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை. இதுதான். 

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பேக்கப் வரியில் விட்டுப்போயிருந்த ஓர் இடைவெளியைச் சரிசெய்தாள். பிறகு, தன் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

சேமித்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை.

இருட்டுவதற்குள் வந்துவிட்டான். செருப்பைக் கழற்றியவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"மத்தியானத்துலேருந்து என்னமோ மறந்துட்ட மாதிரியே இருக்கும்மா. என்னன்னுதான் தெரியல."