ஆணியில் தொங்கிய சட்டை

குற்றாலத்தில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது மணிமுத்துவின் வேலை. வெள்ளம் வந்ததிலிருந்து நான்கு நாளாக அருவியில் குளிக்கத் தடை. சும்மா இருந்த நேரத்தில், தென்காசி நூலகத்தில் எடுத்த ஐரோப்பியப் பயண நூலைப் படித்துக்கொண்டிருந்தார்.

சுவிட்சர்லாந்து அருவி ஒன்றின் படம் வந்தது. தண்ணீர் கடுங்குளிராக இருப்பதால் யாரும் குளிப்பதில்லை என்று கீழே போட்டிருந்தது. படத்தில் ஒருவர் இடுப்பில் துண்டோடு அருவிக்குத் தலையைக் கொடுத்து நின்றார். முதுகில் எண்ணெய் மினுங்கியது. வலது தோளில் நீளமாக ஒரு தழும்பு.

மணிமுத்துவுக்கு முகங்கள் மறந்துபோகும், முதுகுகள் மறக்காது. வெள்ளம் வந்த அன்று கடைசியாகத் தேய்த்த முதுகு அது.

ஆணியில் தொங்கிய சட்டையைக் காட்டி மனைவி உலகம்மாள் கேட்டாள்: “இத மாட்டிட்டு அருவிக்குப் போன அண்ணாச்சி இன்னும் வரலியே, என்ன செய்ய?”

“கெடக்கட்டும். இன்னும் குளிச்சிட்டுதான் இருக்காவ.”