உள் அறையில் ஒருவர்

"சைக்கிள இங்கிட்டுக் கொண்டாங்க."

வீட்டுக்காரி அன்னாள் சொன்ன தோரணையில் லட்சுமிநாராயணன் ஓரடி பின்வாங்கினான். அவள் கையில் அரிவாள் இருந்தது.

"வெளியிலேயே இருக்கட்டும்மா. பூட்டிடறேன்."

"கொண்டாங்கன்னா கொண்டாங்க."

மழையில் நனைந்து நின்றவனிடமிருந்து சைக்கிளைப் பிடுங்காத குறையாக வாங்கி, உருட்டிக்கொண்டுபோய் உள் அறையில் விட்டாள். கதவைச் சாத்துமுன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இந்தாங்க, யாரோ வெளியூர்த் தம்பி. நீங்க எந்திரிக்க வேணாம். துப்பாக்கி அங்கனயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்தினாள்.

துப்பாக்கியா!

கல்பாத்தியில் அப்பா போகவேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னார், கேட்டானா? கஞ்சிக்கோட்டில் டைப்பிஸ்ட் வேலை. ஒரு மாச லீவு போட்டுவிட்டுத் தன்னந்தனியாகச் சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான். வழியில் எந்தத் தோட்டம் கண்ணில் பட்டாலும் வேலை கேட்பான். கூலி வேண்டாம், சாப்பாடும் படுக்க இடமும் போதும். கொழிஞ்சாம்பாறையில் அப்புசாமி என்பவரின் தோட்டத்தில் மூன்று நாள் கடலை பிடுங்கினான். "ஏனுங்க, இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போங்க" என்று அவர்கள் விடவே இல்லை. மறையூரில் கரும்பு வெட்டினான்.

சின்னக்கானல் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. பின் டயர் பஞ்சர். சுற்றிலும் காடு. கண்ணில் பட்டது இந்த ஒரே வீடு. எத்தனையோ தடவை தட்டிய பிறகுதான் கதவு திறந்தது.

"எங்கிட்டு இருந்து வாரீக?" சைக்கிளை உள்ளே விட்டுவிட்டு வந்து அன்னாள் விசாரித்தாள்.

"பாலக்காடு."

"ஒத்தையிலயா? எதுக்கு?"

"சும்மா... ஊரைப் பாக்க. தோட்ட வேலை ஏதாவது இருந்தா செய்யறேன். சாப்பாடு போட்டாப் போதும்."

"ஏன், வீட்டுல சோறு இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன கேடு?"

அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மழை விட்டதும் ஏலத்தோட்டத்தில் களை பிடுங்கச் சொன்னாள். அவன் குனிந்து பிடுங்க, பத்தடி பின்னால் அரிவாளோடு நின்றாள். அவன் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். பிடரி கூசியது. ஓடிவிடலாம்தான். சைக்கிள் உள்ளே. துப்பாக்கியும் உள்ளே.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு தட்டில் கஞ்சி ஊற்றி, வாசற்படியில் வைத்துத் தள்ளிவிட்டாள்.

"குடிங்க."

எதையாவது கலந்திருப்பாளோ? அவள் ஒரு வாய் குடிக்கட்டும் என்று காத்திருந்தான். பசி காத்திருக்கவில்லை.

இன்னொரு தட்டோடு அவள் உள் அறைக்குப் போய், வெறுங்கையோடு திரும்பினாள்.

படுக்க ஆட்டுக் கொட்டிலைக் காட்டினாள். அவன் படுத்ததும், வீட்டுக்குள் தாழ்ப்பாள் விழும் சத்தம். அதற்குப் பிறகு கனமான எதையோ இழுக்கும் சத்தம். சைக்கிளைப் பிரிக்கிறார்கள் என்றே நினைத்தான்.

விடிந்ததும் அவள் குடமும் அரிவாளுமாக ஊற்றுப் பக்கம் இறங்குவது தெரிந்தது. இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது. வாசற்கதவோரம் இழுத்துப் போட்டிருந்த மரப்பெட்டியைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்து, உள் அறைக் கதவை மெல்லத் தள்ளினான்.

சைக்கிள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு வெறுங்கட்டில். கட்டிலின் மேல் நேற்றைய கஞ்சி, ஆடை படிந்து கிடந்தது.

துப்பாக்கி இல்லை. ஆளும் இல்லை. சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ மட்டும். கீழே 'செபாஸ்டின்' என்று பெயர்.

பின்னால் குடம் விழுந்து உருண்டது.

வாசலில் அன்னாள். அரிவாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"தம்பி... சைக்கிள எடுத்துட்டுப் போயிருங்க. என்னைய ஒண்ணும் பண்ணிராதீக. வீட்டுல ஒண்ணுமே இல்ல."

அவன் இரண்டு கையையும் உயர்த்திச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அய்யோ, நான்னா உங்களைப் பாத்து நேத்திலேர்ந்து பயந்துண்டிருக்கேன்!"

"என்னையப் பாத்தா?"

அரிவாள் மெல்லத் தாழ்ந்தது. அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தவனுக்குக் கேட்காமல் போக மனசு வரவில்லை.

"இத்தனை பயத்தை வச்சுண்டு எதுக்கும்மா எனக்குக் கதவைத் திறந்தேள்?"

அவள் உருண்டு கிடந்த குடத்தை இழுத்து நிமிர்த்தினாள்.

"ரெண்டு வருசமாச்சு. இப்பிடித்தான் மழை. ஆனை தொரத்தி, எங்க வீட்டுக்காரவுக ஓடிப்போயி கீழ ஒரு வீட்டுக் கதவத் தட்டியிருக்காக. முத்துப்பேச்சின்னு ஒருத்தி, அவளும் ஒத்தையிலதான் இருந்தா. யாரோ எவனோன்னு தொறக்கல. காலையில அவ வாசல்லதான் இவுகளத் தூக்குனோம்."

லட்சுமிநாராயணன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான்.

"தொறக்காட்டி என்னாகும்னு எனக்குத் தெரியும்ல தம்பி. அதான் தொறந்தேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னைலருந்து அவ மொகத்துல நான் முழிக்கிறதில்ல. நேத்து நீங்க தட்டயிலதான், தாழ்ப்பாள்கிட்டப் போக எனக்கே காலு வரல... இன்னைக்குப் போயி அவகூடப் பேசணும்."