நகம் மாட்டாத கீறல்

ஆளில்லாத சந்தில் காரை நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன் சொந்தக் காரின் கதவில் தானே சாவியால் ஒரு கோடு இழுத்தார் அந்த மனிதர். யாரையும் சாய்ந்து நிற்கக்கூட விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த கறுப்புக் கார். இழுத்த கையோடு அவருக்கே நெஞ்சு பதறியது.

அப்படியே வண்டியை அடுத்த தெருவிலிருந்த பாலிஷ் கடைக்குள் விட்டார்.

"எந்தப் படுபாவியோ கோடு போட்டுட்டான் தம்பி. போகுமா?"

கடைக்கார இளைஞன் குனிந்து, விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல ஓட்டிப் பார்த்தான். "நகம் மாட்டலை சார். மேலாப்லதான் இருக்கு. போயிடும், கவலைப்படாதீங்க."

"சீக்கிரம் வேணும்."

"அவசரம் மட்டும் இதுக்கு ஆகாது சார்" என்று சிரித்தான். "கலருக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கு பாருங்க, கிளியர் கோட், அது நல்லா கெட்டிதான். ஆனா மெஷினை வெச்சு அழுத்தினா சூடேறி வெந்துடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் பழையபடி வராது. பொறுமையாத்தான் ஓட்டணும்."

அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அவர் பாலிஷ் போட வரவில்லை, மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார்.

அவருடைய சின்ன மகளுக்குத் தரகர் கொண்டுவந்த வரன் இவன். மூத்தவளுக்குப் பார்த்தபோது வேலை, வீடு, பழக்கவழக்கம் என்று துருவித் துருவி விசாரித்தவர், கோபம் வருமா என்று மட்டும் கேட்கவில்லை. மூத்தவளுக்கு இப்போது இடது காது கேட்காது. பிறவிக் குறை இல்லை, புருஷன் அறைந்தது. பெட்டியோடு திரும்பி வந்து வீட்டில் இருக்கிறாள்.

அதனால் இந்த முறை அவரே கிளம்பிவிட்டார். யார் என்று காட்டிக்கொள்ளாமல் பையனை நன்றாகப் படுத்தி எடுத்து, அவன் சீறுகிறானா என்று பார்த்த பிறகுதான் சம்மதம். விஷயம் தரகருக்கு மட்டும் தெரியும். வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

படுத்தினார். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவியதும் "இங்க அழுக்கு அப்படியே இருக்கே" என்றார். ஓரங்களில் ஒட்டிய டேப் கோணல் என்று பிரித்து ஒட்டச் சொன்னார். பாலிஷ் தடவிய இடத்தில் வேண்டுமென்றே விரலை வைத்தார். காபி கேட்டு, வந்ததும் ஆறிப்போச்சு என்று தள்ளி வைத்தார்.

"வேற சூடா வாங்கிட்டு வரச் சொல்றேன் சார்" என்றான் அவன். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அவனுக்கு உதவியாக ஒருவர் இருந்தார். அவன் அப்பா வயது இருக்கும். துடைக்கும் துணியைத் தரையில் நழுவவிட்ட அவர், பதற்றத்தில் அதை உதறக்கூட உதறாமல் எடுத்து, அப்போதுதான் முடிந்திருந்த கதவைத் துடைத்துவிட்டார். துணியில் மண். பளபளத்த கறுப்பில் கொத்துக் கொத்தாகப் புதுக் கீறல்கள் விழுந்தன. அடுத்த நொடி அந்த உதவியாளர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கீழே குந்திவிட்டார்.

பெண்ணைப் பெற்றவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இவரே திட்டம் போட்டிருந்தால்கூட இப்படி ஒரு சோதனை வைத்திருக்க முடியாது.

இளைஞன் மெஷினை நிறுத்தினான். கீறல்களைப் பார்த்தான். குந்தியிருந்தவரைப் பார்த்தான். இவரையும் ஒரு பார்வை பார்த்தான்.

"விடுங்கண்ணே. கை தவறுறது சகஜந்தானே? இன்னொரு தடவை ஓட்டினா போச்சு." தோளைப் பிடித்து எழுப்பியும் விட்டான்.

பாவம், இதற்கு முன் எந்தக் கடையில் எந்த முரடனிடம் சிக்கி இந்தப் பயம் வந்ததோ, என்று இவர் மனம் இளகிப்போனது. இந்த மட்டும் நல்ல இடத்துக்கு வந்து சேர்ந்தாரே.

மறுபடி ஒருமுறை பொறுமையாக ஓட்டித் துடைத்ததும் கதவில் ஒரு கோடு இல்லை. இவர் முகம்தான் தெரிந்தது, அதுவும் சிரித்த முகமாக. வண்டியில் ஏறிக் கதவை மூடியதும் முதல் வேலையாக மனைவிக்குப் போன் போட்டார்.

"தரகர்கிட்ட சம்மதம்னு சொல்லிடு. தங்கமான பையன்."

"நல்லா விசாரிச்சீங்களா? மறுபடியும் ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க."

"விசாரிக்கலை, கண்ணால பார்த்தேன். அவனுக்குக் கோபம்னா என்னன்னே தெரியலை. பெரியவகிட்ட போனைக் குடு. வலது காதுல வெச்சுக்கச் சொல்லு."

மகள் "அப்பா" என்றாள். "உனக்குப் பார்க்கத் தெரியாம பார்த்துட்டேன் கண்ணு. உன் தங்கச்சிக்கு அப்படி ஆகாது. அப்பா இந்தத் தடவை சரியா பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

கார் திருப்பத்தில் மறையும்வரை இளைஞன் வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்து ஷட்டரை முழுதாக இறக்கினான். உதவிக்கு இருந்தவர் வாளிக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

"மாமனார் போயாச்சு. இப்ப வாடா இங்க."