ரவை நிலம்

கட்டைவிரல் உயரமே உள்ள பொம்மைக் கிரேக்க வீரர்களுக்குக் கவசமும் கேடயமும் தீட்டி முடித்த குணாளனுக்கு, அவர்கள் காலடியில் தூவி ஒட்ட மணல் கிடைக்கவில்லை. மனைவி பிரமிளா அடுப்படியிலிருந்து ரவை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒட்டிக் காஞ்சதும் பழுப்பு அடிச்சிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

விடிந்து பார்த்தால் மேசையிலிருந்து சன்னல்வரை எறும்புச் சாரை. ஆளுக்கொரு ரவையாகக் கிரேக்கத்தைப் பெயர்த்துக்கொண்டு போயின. சற்று நேரத்தில் நண்பர் சலீம் தன் பாரசீகப் படையோடு விளையாட வந்துவிடுவார். குணாளனோ நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காலடி நிலம் போய்க்கொண்டிருக்க, நீட்டிய ஈட்டியோடு நின்றது படை.

"எவனாவது நகர்றானா பாரு" என்றான் பெருமையாக.

"நீங்கதான ஒட்டி வச்சிருக்கீங்க."

எறும்பை விரட்டக் கொண்டுவந்த மஞ்சள்தூளைச் சிட்டிகையில் எடுத்து, பிரமிளா போர்க்களத்துக்கு மேலே கையை நீட்டினாள். தன்னைவிடப் பெரிய ரவையைத் தூக்கிக்கொண்டு ஓர் எறும்பு, படைத்தலைவனின் கால்களுக்கிடையே நுழைந்து வெளியே வந்தது. அவள் கை அப்படியே நின்றது.

"நான் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.