துலுக்கானத்தின் இரண்டாவது மனைவி

“பெரிம்மா, நம்ம முப்பாட்டன் துலுக்கானத்துக்கு எத்தினி பொண்டாட்டி?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கோமளா கத்தியைக் கீழே வைத்தாள். “இன்னாடி கேள்வி இது? ஒண்ணுதான். அந்த முனியம்மாவையே சமாளிக்க முடியாம மனுசன் பாதி நாளு ஏரிக்கரையிலதான் படுத்துனு இருப்பாராம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. ரெண்டாவதா யாரும் இல்லியா?”

“இருந்தா எனக்குத் தெரியாம போவுமா? ஆவடிலேர்ந்து பூந்தமல்லி வரிக்கும் யாரு யாருக்கு இன்னா முறைன்னு என்னியக் கேட்டுதான ஊரே பத்திரிகை அடிக்குது!”

ரோஷினி லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வம்ச மரம் அது. கட்டத்தைத் தொட்டுப் பெயரை அடித்தால் போதும், கோடு தானாக ஓடிப்போய் உறவோடு ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் மண்டபத்தில் அவள் அப்பா ஏகாம்பரத்துக்கு அறுபதாம் கல்யாணம். வாசலில் வைக்க ஒரு சார்ட் செய்து தருவதாக அவளே வலியப் போய்ச் சொல்லியிருந்தாள்.

பாசத்தால் அல்ல. அதே மேடையில், அதே ஐயர் செலவில், அவளுக்கும் பூ வைத்துவிடுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை திருநின்றவூர் திருமுருகன். தூரத்துச் சொந்தம்.

வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லித்தான் பார்த்தாள்.

“காரணம் சொல்லு,” என்றார். “குடிக்கிறானா? வேல வெட்டி இல்லாதவனா? இல்ல, நீ வேற யாரையாச்சும் நெனச்சினு கீறியா?”

மூன்றுக்கும் இல்லை என்றுதான் தலையாட்ட வேண்டியிருந்தது. திருமுருகன் எரிச்சலூட்டும் அளவுக்கு நல்லவன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று மொட்டைமாடியில் அவனோடு பேசிக்கொண்டிருந்தது, அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. அளவு சரி, கடிக்கவும் இல்லை. தன்னுடையது இல்லை, அவ்வளவுதான். இதை எந்த அப்பாவிடம் போய்ச் சொல்வது? அந்த வீட்டில் ‘பிடிக்கவில்லை’ என்பது செல்லாது. ‘முறை இல்லை’ என்பதற்கு மட்டும் மேல்முறையீடே கிடையாது.

திருமுருகனின் அம்மா ஷோபனா. ஷோபனாவின் அம்மாவைப் பெற்ற பாட்டி அன்னம்மாள். அந்த அன்னம்மாளை யார் பெற்றார்கள் என்று உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. ரோஷினி அவளுக்கு ஓர் அம்மாவைப் பெற்றுக் கொடுத்தாள்: லோகநாயகி, துலுக்கானத்தின் இரண்டாவது மனைவி. போட்டோவுக்குப் பதிலாக ஒரு தாமரைப் பூ. அம்மா வழி முப்பாட்டனின் ஒழுக்கத்தில் கைவைத்தது கொஞ்சம் உறுத்தியது. பரவாயில்லை, அவர் வந்து கேட்கப்போவதில்லை.

ஜெராக்ஸ் கடையில் நான்கு பெரிய தாள்களாக அச்செடுத்து, தெர்மாகோல் அட்டையில் ஒட்டினாள். முடிந்தது.

மண்டபத்தில் வந்தவர்களெல்லாம் சார்ட் முன்னால் நின்றார்கள். எல்லோரும் தேடியது அவரவர் மூஞ்சியை.

“என் தல மட்டும் இன்னா இம்மாம் சின்னதா கீது?”

“உன் மூளைக்கு ஏத்தா மாரி போட்டுக்குதுபா!”

கோடுகளை ஒருவரும் பார்க்கவில்லை. பூத்தட்டு மேடையேறிவிட்டது. கடைசியில் ரோஷினியே அப்பாவை இழுத்து வந்தாள்.

“நைனா, இங்க ஏதோ இடிக்குது பாரேன்.”

ஏகாம்பரத்தின் விரல் கோட்டின்மேல் ஊர்ந்தது. “முனியம்மா பொண்ணு, உங்கம்மாவுக்குப் பாட்டி. லோகநாயகி பொண்ணு, அந்த ஷோபனாம்மாவுக்குப் பாட்டி. பாட்டிங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னா, உங்கம்மாளும் அந்தம்மாளும் அக்கா தங்கச்சி...” விரல் நின்றது. “ஐயையோ! மாப்ள உனுக்கு அண்ணன்டி!”

கூட்டம் கூடிவிட்டது. கோமளாவை அழைத்து வந்தார்கள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லோகநாயகியையே வெறித்தாள். ரோஷினி தரையைப் பார்த்தாள்.

“இன்னா கோமளா, உனுக்கே தெரியாதா?” என்றது ஒரு குரல்.

அது போதுமானதாக இருந்தது.

“யாரு சொன்னா தெரியாதுன்னு? லோகநாயகிதான? செவசெவன்னு, ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டுனு இருக்கும்னு எங்க ஆயா சொல்லிக்கீது. குடும்ப மானமாச்சேன்னு நான்தான் மூச்சு உடல.”

ரோஷினி திகைத்தாள். அவள் லோகநாயகிக்கு ஒரு பக்க மூக்குத்திகூடத் தரவில்லை.

“அதெப்பிடி?” ஷோபனாவின் குரல் உயர்ந்தது. “எங்க பாட்டி ஒருநாளும் இப்பிடி ஒரு பேர எடுத்ததில்லியே!”

போச்சு, என்று நினைத்தாள் ரோஷினி.

பட்டு வேட்டியோடு திருமுருகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். சார்ட்டை நெடுநேரம் பார்த்தான்.

“எடுத்துக்கீதும்மா. நீதான் மறந்துட்ட. லோகநாயகி ஆயா போட்டோகூட நம்ம ஊட்ல இருந்துச்சே? வெள்ளத்துல பீரோவுக்குள்ள தண்ணி பூந்து வீணாப்போச்சே?”

ஷோபனா தடுமாறினாள். “ஆங்... ஏதோ ஒரு போட்டோ இருந்துச்சு...”

ரோஷினி சார்ட்டிலிருந்த தாமரைப் பூவைத் திரும்பிப் பார்த்தாள். தான் சும்மா இட்டுக்கட்டிய ஒருத்தி, நிஜமாகவே வாழ்ந்து தொலைத்துவிட்டாளா?

அரைமணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பூத்தட்டிலிருந்த சேலை அண்ணன் சீர் ஆனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஷோபனா மகன் கையில் அதைக் கொடுத்தனுப்பினாள். அவன் நீட்டியபோது ரோஷினி தணிந்த குரலில் கேட்டாள்.

“அந்த போட்டோ... நெஜமாவா?”

திருமுருகன் செல்போனைத் திறந்து காட்டினான். அவன் வீட்டு வம்ச மரம். உச்சியில் யாரோ ஒரு தாத்தா, மூன்று மனைவிகளோடு.

“நேத்துதான் முடிச்சேன். நல்லவேள, நீ முந்திக்கின, தங்கச்சி,” என்றான். “என் சார்ட்டுல நீ எனக்குப் பெரிம்மா.”