அந்த நம்பர்

"உன்னை யாரு பதில் சொல்லச் சொன்னா?"

"நான் சொல்லலன்னா ஊரு சும்மா இருக்குமாட்டி? வாய்க்கு வந்ததை எல்லாம்…"

"பேசட்டுமே! நீ எதுக்குண்ணே நடுவுல…"

"அண்ணன்காரன்னு நான் பின்ன என்னத்துக்கு இருக்கேன்?"

பாளையங்கோட்டைக் குடும்ப நீதிமன்றத்தின் படிக்கட்டு. போகிறவர் வருகிறவருக்கு வழிவிடாமல் இருவரும் நின்றிருந்தார்கள்.

தங்கை ஜெயித்திருந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் அவள் போனில் என்னத்தையோ ஏற்றி, யாரிடமெல்லாம் பேசினாள் என்று பட்டியல் எடுத்து வந்திருந்தான் புருஷன். ஒரே ஒரு நம்பரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அதைக் காட்டித்தான் விவாகரத்து கேட்டான்.

நீதிபதியம்மா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மனைவியே ஆனாலும் அவள் பேச்சு அவளுடையது. திருட்டுத்தனமாக எடுத்தது இங்கே சாட்சியம் ஆகாது என்றார். மனு தள்ளுபடி.

அவள் தலை குனியாமல் நின்றாள். அண்ணனுக்குத்தான் நெஞ்சு விம்மியது.

அந்தச் சந்தோஷத்தில்தான் படியிறங்கும்போது உளறிவிட்டான். அந்த நம்பர் தன்னுடைய பழைய சிம் என்று சொந்தக்காரர்களிடம் எப்போதோ சொல்லி வைத்துவிட்டானாம். இனி ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாதாம்.

"நம்ம வக்கீலும் இதே மாதிரித்தான் சொன்னாவ. யாரோ கூடப் படிச்சவன்னு சொல்லிரு, சீக்கிரம் முடிஞ்சிரும்னாவ. நான் மாட்டேன்னேன். அவரு வக்கீல் கேட்டப்ப கூண்டுல நின்னு, பதில் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அத்தனை பேரும் ஒரு மாதிரியாப் பாத்தாவ. நின்னேம்லா? நீ என்னடான்னா எனக்குப் பின்னால ஒரு பதிலைத் தயார் பண்ணி வீடு வீடாக் கொடுத்துட்டு வந்திருக்க."

"உன் நல்லதுக்குத்தானட்டி…"

"அப்ப நெசம் கெட்டதாத்தான் இருக்கும்னு நீயே முடிவு கட்டிட்ட. அப்படித்தான?"

அவன் ஒரு படி கீழே இறங்கினான்.

யாரட்டி அது?

வழக்கு தொடங்கிய நாளிலிருந்து அவன் தொண்டை வரை வந்து நிற்கிற கேள்வி. சோற்றைப் பிசையும்போது வரும். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வரும். கேட்டால் என்ன வருமோ என்று பயந்து, தானே ஒரு பதிலைச் செய்துகொண்டான்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

சித்தி. அவளிடம் ஒன்றைச் சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் மொத்தக் குடும்பத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஸ்பீக்கரில் போட்டான்.

"எய்யா சுடல! ஜெயிச்சுட்டாளாம்லா எம்புள்ள! கூடப்பிறந்தவன்கிட்ட பேசுனதுக்குப் போயி இந்தப் பாடுபடுத்திட்டானே பாவிப்பய. அது உன் நம்பருன்னு ஜட்ஜம்மாகிட்ட எடுத்துச் சொன்னியாய்யா?"

தங்கை அவனைப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கேட்டுக்கு வெளியே போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது என் நம்பர் இல்ல சித்தி. நான் உங்ககிட்ட சொன்னது பொய்யி."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

"அப்ப… யாருதுய்யா?"

அவனுக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அது தெரிந்தும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஜட்ஜம்மாவே அவளைக் கேக்கல சித்தி. நானும் கேக்க மாட்டேன். நீங்க கேப்பியளா?"