அவளுக்கு இங்கே இடமில்லை

“இந்தப் பொண்ணுக்கு இடம் குடுக்காதீங்க.”

வாரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கிக்கொண்டார். காலையிலிருந்து விண்ணப்பங்களாகப் படித்துத் தள்ளியதில் எழுத்தெல்லாம் நீந்தத் தொடங்கியிருந்தது. இந்த நேரம் பார்த்துத்தானா கெண்ட்ரா வம்பு பண்ண வேண்டும்?

“வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே உனக்குச் சொன்னேன். இடம் குடுங்கன்னு எவ்வளவு வேணும்னாலும் சண்டை போடு. குடுக்காதீங்கன்னு மட்டும் எந்தப் பிள்ளை விஷயத்துலயும் கேக்கக் கூடாது.”

“சொன்னீங்க. இருந்தும் கேக்கறேன்.”

மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலையூர்க் கல்லூரிக்கு யாரும் கனவு கண்டு வருவதில்லை. பெரிய இடங்கள் கைவிட்டால் இதாவது இருக்கட்டும் என்று ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால், இடம் கொடுத்தால் வருமா, வராதா என்று கணிப்பதுதான் வாரனுக்குத் தலைவலி. கூப்பிட்ட பிள்ளைகள் வராமல் போனால் கல்லூரித் தலைவர் அவரைத்தான் பிடித்து உலுக்குவார்.

சின்ன ஊர், சிபாரிசு புகுந்துவிடும் என்று பெயரை மறைத்து, எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். தேர்வுக் குழுவில் இருந்த மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் இடம்.

“இவ கண்டிப்பா வருவா,” என்றார் வாரன். “கட்டுரையைப் படிச்சேல்ல? அப்பா சுரங்கத்துல வேலை பார்த்தவர். நுரையீரல் பூராவும் கரித்தூள். அவரை விட்டுட்டுத் தூரமாப் போக மனசு வரலைன்னு எழுதியிருக்கா. இந்த மார்க்கோட இப்படி ஒரு பிள்ளை நமக்கு எந்த வருஷம் கிடைச்சுது?”

“வருவான்னு எனக்கும் தெரியும். வேண்டாம்.”

மூன்றாமவள் ஜோலீன், தின்றுகொண்டிருந்த ஆறிப்போன பெப்பரோனி ரோலைக் கீழே வைத்தாள். “ஏம்மா, நீயும் இதே மாதிரி வீட்டுலேர்ந்து வந்தவதானே? உங்க குடும்பத்துல முதல் பட்டம் உன்னோடது. அதைக் குடுத்தது இந்தக் காலேஜ்தான். நீ உள்ள வந்ததும் கதவைச் சாத்திடுவியா?”

“இந்தக் காலேஜ் என்ன குடுத்துச்சுன்னு எனக்குத் தெரியும். கீழ் மாடியில படிச்சேன், மேல் மாடியில வேலை பாக்கறேன். நான் பார்த்த உலகம் அந்தப் படிக்கட்டுதான்.”

“உன்னைவிட ரெண்டு மடங்கு கெட்டிக்காரின்னு வயிறு எரியுதுன்னு சொல்லேன்.”

“எரியுதுன்னே வெச்சுக்குங்க. என் ஓட்டு கிடையாது.”

வாரன் அவளை உற்றுப் பார்த்தார். ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் மேசையைத் தட்டிச் சண்டை போடுகிறவள் இவள். இன்று தாடையை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

“நாளைக்குப் பேசலாமா?”

“நாளைக்கும் இதையேதான் சொல்வேன். இப்பவே முடிங்க.”

மல்லுக்கட்ட அவரிடம் தெம்பு இல்லை. கணினியில் ‘இடமில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்.

“போயிடுச்சு. இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது. திருப்தியா?”

கெண்ட்ரா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“எங்க கிளம்பிட்டே? இன்னும் பாதி கிடக்கு.”

“நான் இனிமே வரலை, வாரன். எங்க அப்பாவைப் பாத்துக்க ஆள் இல்லை.”

“இத்தனை நாள் யார் பாத்துக்கிட்டா?”

“இப்ப இடமில்லைன்னு அனுப்பினீங்களே, அவதான்.” கெண்ட்ரா கதவைத் திறந்தாள். “நியூயார்க்குல பெரிய காலேஜ்ல இடம் கிடைச்சும், இங்க கிடைச்சா அங்க போக மாட்டேன்னு பிடிவாதமா உக்காந்திருந்தா, என் தங்கச்சி.”